பார்வையாளர் செலவு

மீன்வளத்துறை அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'துருவல் அக்கா'. எதையும் துருவித் துருவிக் கேட்பார். தேநீர் வந்தால் டம்ளரின் அடியைத் தூக்கிப் பார்ப்பார். ஃபேன் நின்றால் கரண்ட் போனதென்று நம்பமாட்டார், யாரோ வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள் என்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வது ஒரு தண்டனை. ஆனாலும் அவர் கண்ணில் மண்ணைத் தூவி ஓர் ஆணியைக்கூட யாரும் வெளியே கொண்டுபோனதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆழ்கடல் மீன்களைக் காப்பதற்குப் பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. எங்கள் அரசும் கையெழுத்திட்டது. இனி ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் அரசு ஆள் ஒருவர் ஏறி, பிடிபடும் மீனைக் கணக்கெடுக்க வேண்டும். அவருடைய சம்பளம் அரசின் செலவு. அவர் ஏறாமல் படகு துறைமுகத்தைத் தாண்டக் கூடாது.

அக்காவின் தம்பி படகுக்காரர். பருவம் தொடங்கியும் அரசு ஆள் வரவில்லை, படகு கட்டிக் கிடந்தது. இந்தப் பருவமும் போனால் படகை விற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. எங்கள் அலுவலகத்துக்கோ புது சோபாக்கள், பூப்போட்ட கோப்பைகள், ஆளுயர ஃப்ரிட்ஜ் என்று வண்டி வண்டியாக வந்து இறங்கின.

அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "ஒப்பந்தத்துக்கு வந்த பணத்தை எவனோ முழுங்கிட்டான். அதிகாரி கால்ல புதுச் செருப்பைப் பார்த்தியா?" என்றார். தம்பியின் காதிலும் தினமும் இதையே ஓதினார். சந்தேகம் ஜலதோஷம் மாதிரி, எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் அக்கா அதிகாரியின் அறைக்குள் புகுந்துவிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"படகுக்கு ஆள் எங்க சார்? ஆளுக்கு வந்த பணம் எங்க?"

அதிகாரி கோபப்படவில்லை. "படகுல ஏறுற ஆளுங்களுக்குத்தான் நாம 'பார்வையாளர் செலவு'ன்னு எழுதிக் கேட்டோம்மா. நம்மளைப் பார்க்க வர்ற விருந்தாளிங்கன்னு நெனச்சு நிதித்துறை சோபாவா அனுப்பிட்டாங்க. திருத்தி அனுப்பியாச்சு. ஆனா அடுத்த பருவத்துக்குத்தான் ஆள் வருமாம்."

"எந்த மடையன் சார் அப்படி எழுதினான்? 'கண்காணிப்பாளர்'னு போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

அதிகாரி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "ஒப்பந்தத்தை மொழிபெயர்த்து அந்த வார்த்தையைப் போட்டது நீங்கதானேம்மா."

ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காத அக்கா, தன்னை மட்டும் சந்தேகப்பட மறந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மாலையில் தம்பி அலுவலக வாசலில் காத்திருந்தார். "யாருக்கா முழுங்கினது?"

"யாரும் முழுங்கலடா. நான்தான் ஒரு வார்த்தையைத் தப்பா போட்டுட்டேன். என்னாலதான் உன் படகு நிக்குது." சொல்லும்போதே அக்கா அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததேயில்லை.

தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உன் வாயை அடைக்க எவ்வளவுக்கா குடுத்தாங்க?"