அறுவடை மெஷின் மேல் வந்த தூக்கம்

முதன்முதலாக எனக்குப் பயம் வந்தது அறுவடை மெஷின் மேல் தூங்கிப்போன அன்றுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினும் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் அங்கே இல்லை.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயல். வயல் மூலைகளில் மெஷின் திரும்ப இடம் போதாது. அங்கே நிற்கும் கதிரை முன்னதாகவே அரிவாளால் அறுத்துவிட வேண்டும். அன்று ஆள் கிடைக்காததால் என் மனைவி ஸ்டெல்லா மூலையில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

நெஞ்சில் ஒரு மண்ணாங்கட்டி வந்து விழுந்தது. விழித்து, பிரேக்கை மிதித்தேன். அவள் வரப்பில் ஏறி நின்று இன்னொரு கட்டியைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குனிந்திருந்த இடத்தில் இப்போது மெஷின் நின்றது.

"குடிச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல ஸ்டெல்லா."

"ஊதுங்க."

ஊதினேன். போலீஸ்காரர்கள்கூட அவ்வளவு பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்ததில்லை. வாசனை இல்லை என்றதும் அவள் முகம் வெளுத்தது. குடித்திருந்தால் தேவலாம் என்று ஒரு மனைவி நினைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அன்று மதியத்துக்குள் எனக்கு மூளையில் கட்டி என்று முடிவு செய்துவிட்டேன். சாயங்காலம் அது இதயத்துக்கு இறங்கியது. செல்போனில் தேடத் தேட ஒவ்வொரு உறுப்பாகக் கைவிட்டுப் போனது.

"செத்தா என்னைய எங்க சித்தப்பா பக்கத்துல அடக்கம் பண்ணிடாத. அவரு குறட்டை தாங்காது."

"உங்க குறட்டைக்கு அவரே எந்திரிச்சுப் போயிடுவாரு," என்றாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "குறட்டைகூட பரவால்லங்க. நடுவுல நின்னுடுது. மூச்சே இருக்காது. திரும்ப வர்ற வரைக்கும் நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன்."

"எத்தனை நாளா?"

"அதெல்லாம் யாரு கணக்கு வச்சா?"

தஞ்சாவூரில் நுரையீரல் மருத்துவரிடம் போனோம். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க தூங்கிட்டிருந்தீங்க சார். அம்மா சொல்லட்டும்."

தூக்கப் பரிசோதனைக்கு (உறக்கத்தில் மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வது) தலை முழுக்க ஒயரை ஒட்டினார்கள். மூச்சு நிற்கிறதா என்று பார்க்கத்தானே படுக்க வைத்திருக்கிறார்கள், வந்தவர்களை ஏமாற்றக்கூடாது என்று அது ஒரேயடியாக நின்றுவிட்டால்? இந்தக் கவலையிலேயே தூங்கிப்போனேன். அதுதான் என் வியாதி.

தூக்கத்தில் மூச்சுத்தடை (தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை அடைபடுவது) என்றார் மருத்துவர். அடைபடும் ஒவ்வொரு முறையும் மூளை என்னை உலுக்கி எழுப்புகிறதாம். எனக்குத் தெரிவதில்லை. அதனால்தான் பகலெல்லாம் அந்தத் தூக்க மயக்கம்.

"நான் சொல்ற வரைக்கும் மெஷின், பைக் எதையும் தொடக்கூடாது."

"அறுப்பு நேரம் டாக்டர்."

"அதனாலதான் சொல்றேன்."

சிபாப் (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி) வீட்டுக்கு வந்தது. உங்களுக்கும் இதை எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்று சொல்கிறேன்: ஆரம்பத்தில் மூச்சுமுட்டும். நான் பலமுறை பிடுங்கி எறிந்து, வாசலுக்கு ஓடி, ஆகாயத்தையே குடிப்பவன் போல வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். ஸ்டெல்லா பகலில் டிவி பார்க்கும்போதே அதை மாட்டிவிட்டுப் பழக்கினாள். யானைக்கு முகபடாம் கட்டுவதுபோல இருந்தது. யானை அழுதிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கருவியில் காற்றை ஈரமாக்க ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் வெள்ளையாகக் காறை கட்டியது. மூச்சுக்காற்றே கெட்டுவிட்டது என்று அலறி, தொட்டியோடு ஸ்டெல்லாவையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு பஸ் ஏறினேன்.

"இதுல என்ன ஊத்துனீங்க?"

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"தீர்த்தம் டாக்டர். மாதா கோயில் திருவிழாவுல மந்திரிச்சுக் குடுத்தது. நல்லதுதானேன்னு..."

"அத நெத்தியில போட்டுக்கோங்கம்மா. இதுக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணி மட்டும்தான்."

அதன்பின் மெல்ல மெல்லத் தேறினேன். தினமும் காலையில் எழும்போதே வந்துகொண்டிருந்த தலைவலி போனது. மதியம் என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் கண்டேன். அதுவரை அது சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் காணாமல் போகும். அடுத்து வந்த குறுவை அறுப்புக்கு மருத்துவர் அனுமதி கொடுத்தார். மூலையில் ஆள் இருந்தால் இன்றும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் காத்திருக்கிறேன். கூலிக்கு மெஷின் கூப்பிடுகிறவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. பக்கத்தில் ஸ்டெல்லா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. மூச்சு தானாக நடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை காலம் அது அவள் பார்த்த வேலை.

பூசைக்கு முதல் மணி அடித்தது. இரண்டாம் மணியும் அடித்தது. சத்தம் கேட்டு எழுந்துவிடுவாளோ என்று முகமூடியைக்கூடக் கழற்றாமல் கிடந்தேன்.

வெயில் கட்டில் வரை வந்த பிறகு பதறி எழுந்தாள். "பூசை போச்சே! ஏங்க எழுப்பல?"

"நீ மூச்சு விடுறியான்னு பாத்துட்டிருந்தேன்," என்றேன். எதற்கும் சிரிப்பவள், அதற்குச் சிரிக்கவில்லை.