ஒரு ரோமன் மெழுகுவர்த்தித் தாங்கியும் ஆறு முட்டைகளும்

இந்த வலைப்பதிவில் இதுவரை மூன்று பயணங்கள் எழுதியிருக்கிறேன்: நந்தி மலை, ஒகேனக்கல், அத்திபெலேயில் சித்தி வீடு. மூன்றும் வீட்டில் சொல்லிவிட்டுப் போனவை. இன்று சனிக்கிழமை ஜீவனஹள்ளியிலிருந்து சிவாஜி நகருக்குப் போய்வந்தது யாருக்கும் தெரியாது. அம்மாவின் போனைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒரு பழைய மரச்சாமான் கடையில் பாலிஷ் வேலை செய்கிறார். அங்கே விற்பனைக்கு வந்த ஒரு ஜோடி வெண்கல மெழுகுவர்த்தித் தாங்கிகளில் கால் திருகு ஆடுகிறது என்று வியாழக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடைச் சாமானை வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளி விட்டது இதுதான் முதல் தடவை. திங்களன்று திருப்பித் தரவேண்டும்.

இரண்டும் ஒரு முழ உயரம். வரி வரியாகப் பள்ளம் ஓடும் தூண், உச்சியில் சுருண்ட இலைகள், கீழே மூன்று சிங்கப் பாதங்கள். பாதங்களில் நகம்கூட உண்டு. எங்கள் வீட்டுத் தரை மேடும் பள்ளமுமானது. நான்கு கால் ஸ்டூல் எல்லாம் ஆடும், அப்பா திருகை இறுக்கியதும் இவை மட்டும் ஆடாமல் நின்றன. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்ததுதான் வினை. அப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வெள்ளி மாலை ஒன்றைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். தங்கம்போல் வந்தது. இன்னொன்றை எடுக்கும்போது, அப்பா வாசலில் நின்று முதலாளியிடம் போனில் பேசுவது கேட்டது.

"பயப்படாதீங்க சார். அந்தக் கருப்பு கொஞ்சம்கூடக் கலையாது. அதுக்குத்தானே வெலையே."

பளபளத்ததைத் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே கட்டிலுக்கு அடியில் வைத்தேன். திருகு வேலை முடிந்துவிட்டதால் அப்பா பிரித்துப் பார்க்கவில்லை. இன்று காலை அதை ஸ்வெட்டரில் சுற்றிப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். நான்கு கிலோ இருக்கும். அம்மாவிடம் பாட்டுப் பயிற்சி என்று பொய் சொன்னேன்.

பள்ளி பன்னிரண்டரைக்கு விட்டது. பஸ் 12.50க்கு வந்தது. சிவாஜி நகர் சுமார் ஐந்து கிலோமீட்டர், அரை மணி நேரம். ஆதார் அட்டையைக் காட்டினால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், மறக்காமல் எடுத்துப் போங்கள். கண்டக்டர் என் பையைக் காலால் நகர்த்தப் பார்த்தார். அது நகரவில்லை.

"ஏனம்மா, பேகல்லி கல்லா?" பையில் கல்லா என்று கேட்டார்.

"புஸ்தகா சார்."

இவ்வளவு படித்தால் நீதான் கலெக்டர் என்று கன்னடத்தில் கிண்டல் செய்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால், சந்துக்குள் ஒரு பழம்பொருள் கடை. போன கருப்பைத் திரும்ப வரவழைக்க வழி கேட்கத்தான் அங்கே போனேன். நடத்துபவர் ஒரு அம்மா. எல்லோரும் அவரை ஆபா, அதாவது அக்கா என்கிறார்கள். சாமான் வாங்காவிட்டாலும் கடையைப் பார்க்கலாம். கால்கள் பெருக்கல் குறிபோல் குறுக்கே போகும் ஒரு நாற்காலி இருந்தது. ரோமில் பெரிய அதிகாரிகள் மட்டும் உட்காருகிற மாதிரியாம். அதில் ஆபாவின் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் கை உயர்ந்த சோபாவும் இருந்தது. ரோமானியர்கள் இப்படிச் சாய்ந்துகொண்டே சாப்பிடுவார்களாம். எங்கள் வீட்டில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டால் முதுகில் ஒன்று விழும்.

ஸ்வெட்டரைப் பிரித்ததும் ஆபா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ரோமனா?"

"ஆமா ஆன்ட்டி, ஆர்.சி.தான்."

"என்னது?"

"ரோமன் கத்தோலிக்."

ஆபாவின் முகம் மாறிவிட்டது. "யா அல்லா! சர்ச் சாமானா? ஃபாதருக்குத் தெரியுமா? எங்கேர்ந்து தூக்கிட்டு வந்தே, சொல்லு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தேம்பிக்கொண்டே அப்பாவின் வேலை, முதலாளி, புளி என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆபா சிரித்த சிரிப்பில் பூனை எழுந்து ஓடியது.

"அரே, நான் ஸ்டாண்டைக் கேட்டேன்மா, உன்னை இல்ல! புளியா போட்டே? அத்தனை வருஷக் கருப்பை ஒரே சாயங்காலத்துல எடுத்துட்டியே, சபாஷ். நம்ம கடைக்கு மட்டும் வேலைக்கு வந்துடாதே."

பிறகு வழி சொன்னார். "முட்டையை வேக வெச்சு, சூடா நசுக்கி, ஸ்டாண்டோட ஒரே பையில கட்டி வை. அந்த நாத்தம்தான் கருப்பாக்கும். முன்ன மாதிரியே வராது. தூரத்துலேர்ந்து பாத்தா ஜோடின்னு தோணும்."

"கிட்ட பாத்தா?"

"கிட்ட பாக்கறது உங்கப்பாதானே? அவருகிட்ட நீதான் சொல்லணும்."

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். மொத்தச் செலவு ஆறு முட்டைக்கு நாற்பத்திரண்டு ரூபாய். அம்மா மாலைப் பூசைக்குப் போன நேரத்தில் முட்டையை வேகவைத்து, பையைக் கட்டிக் கட்டிலடியில் தள்ளினேன். அம்மா உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னடி நாத்தம், எலி செத்துக் கெடக்கா?"

"முட்டை சாப்பிட்டேம்மா."

"எத்தனை?"

"ஆறு."

அரை டம்ளர் ஓமத் தண்ணீர் குடிக்க வைத்தார்.

இப்படிப்பட்ட சாமான் உங்கள் வீட்டில் இருந்தால் என் அறிவுரை: உலர்ந்த துணியால் துடையுங்கள், அவ்வளவுதான். தேய்த்துவிட்டீர்கள் என்றால், முட்டை வெண்கலத்தின் மேல் படாமல் கிண்ணத்தில் வையுங்கள், பட்ட இடம் புள்ளியாகிவிடும். சிவாஜி நகருக்குச் சனிக்கிழமை மதியம் போங்கள், கூட்டம் குறைவு. வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதுவரை எழுதிவிட்டுப் பையைத் திறந்து பார்த்தேன். தூண் கருத்திருந்தது. ஒரு சிங்கப் பாதம் மட்டும் இன்னும் மின்னியது. இரண்டையும் ஹாலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். நான் ஒளிக்கவில்லை.

"அப்பா, ஒண்ணை நான் புளி போட்டுத் தேய்ச்சுட்டேன்."

அவர் குந்தி உட்கார்ந்தார். மின்னுகிற நகத்தைக் கட்டைவிரலால் தடவினார். விரலை முகர்ந்தார்.

"எத்தனை முட்டை?"

"ஆறு."

"பத்தாது."

தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "திங்கக்கிழமை ஓனர்கிட்ட உள்ளதைச் சொல்லிடலாம். நீயும் கூட வா பாப்பா" என்றார். சமையலறைக்குப் போய், நாளைக்கு என்று அம்மா வைத்திருந்த நான்கு முட்டைகளையும் எடுத்துப் பாத்திரத்தில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

"திட்டலையாப்பா?"

"மொதல்ல முட்டை வேகட்டும்."