பெஞ்சின் மேல் அடுப்பு

சாக்கடை மேஸ்திரி வேலையில் ஒரு வசதி உண்டு: நம்மைத் தெருவில் நிறுத்தி யாரும் நீளமாகப் பேச மாட்டார்கள். மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும் தெருவில் குடியிருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் தெரு அப்படி. கடைத்தெருச் சாக்கடை நிரம்பினால் நேரே எங்கள் வாசற்படி ஏறும். மேகம் கறுத்தாலே என் மனைவி குமுட்டி அடுப்பைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துவிடுவாள்.

விருந்தாளி

புதுச் சாக்கடை கட்ட ஊரில் பணமில்லை. பெரும்பகுதிச் செலவை சர்க்கார் கொடுக்கும் என்றார்கள். அதற்கு முன் மெட்ராஸிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்து, நிலைமை மோசம்தானா என்று பார்த்து எழுத வேண்டும். அவர் வருகிறார் என்றதும் கடைக்காரர்கள் கூடி, ஆள் வைத்துச் சாக்கடையை வழித்துக் கழுவி, இரண்டு ஓரமும் சுண்ணாம்புப் பொடி தூவி, வாழைமரமும் கட்டிவிட்டார்கள். "ஐயோ, அப்படியே விட்டிருக்கலாமே" என்றேன். மளிகைக்கடை முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மேஸ்திரி, பெரிய மனுசன் வர்றாரு, நாறிக்கினா இருக்கச் சொல்றே?"

காலை

இன்ஜினீயர் வந்தார், இளநீர் குடித்தார், கடைத்தெரு முழுக்க நடந்தார். ஒரு தடவைகூடக் கைக்குட்டையை எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது சொன்னார்:

"இதைவிட மோசமான ஊரெல்லாம் காத்திருக்கு. உங்களுக்கு எதுக்கய்யா பணம்?"

சாயங்காலம்

அன்று அமாவாசை. பஸ்ஸெல்லாம் ஸ்பெஷலாக மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டன. திண்டிவனம் பஸ்ஸுக்காக அவர் காத்துக்கொண்டே இருந்தார். மழை பிடித்துக்கொண்டது. காலையில் வழித்த சேற்றை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் குவித்திருந்தார்கள். அது கரைந்து, சாக்கடையோடு சேர்ந்து, பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்துக்குள் புகுந்தது. நான் குடையோடு ஓடினேன். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றவர், குடைக்குள் வந்ததும் கேட்டார்:

"மேஸ்திரி, காலையில எனக்குக் காட்டினது எந்த ஊரய்யா?"

முதல் மழை

பணம் வந்தது, சாக்கடையும் கட்டியாயிற்று. அடுத்த மழைக்கு வழக்கம்போல அடுப்பு பெஞ்சில் ஏறியது. நானும் மனைவியும் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றோம். மழை விட்டது. தண்ணீர் வரவில்லை. நம்பிக்கையில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம் அவள்தான் மெதுவாகக் கேட்டாள்:

"இறக்கிடட்டுமா?"

அதன்பின் அவள் இருந்தவரை அந்த அடுப்பு தரையைவிட்டு ஏறவில்லை. அதற்குக் காரணம் மேஸ்திரியான நானல்ல, வராமல் போன திண்டிவனம் பஸ்தான்.