நூல் கோர்ப்பவளுக்கு வந்த கண்ணாடி

என் அக்கா தையல்காரி. மெயின் ரோட்டில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒற்றை அறைதான் கடை. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேசை, ஆணியில் தொங்கும் இஞ்ச் டேப், அவ்வளவுதான். அந்த டேப்பும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்துபோகிற ஆளைப் பார்த்தே, "அவருக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். எவனோ அதைப் பாக்காம தச்சுக் குடுத்திருக்கான்" என்பாள். காஜா எடுப்பதும் ஓரம் தைப்பதும் என் வேலை. ஊசியில் நூல் கோர்ப்பது மட்டும் அக்கா மகளின் வேலை.

அவளுக்கு ஆறு வயது. உருண்டையாக, குட்டியாக இருப்பதால் கடையில் எல்லாருக்கும் அவள் பட்டன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஊசியை மூக்குக்கு முன்னால் பிடித்து ஒரே குத்தில் நூலைக் கோர்த்துவிடுவாள். நான் எச்சில் தொட்டுத் தொட்டு நாலு தடவை தவறவிடுவதைப் பார்த்து, "குடு சித்தி, உனக்கு வயசாயிடுச்சு" என்பாள். எனக்கு இருபத்திரண்டு. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், என் பொண்ணுக்குக் கழுகுக் கண் என்று அக்கா பெருமையடித்துக்கொள்வாள்.

அதனால்தான், கரும்பலகையில் எழுதுவது இவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, கண்ணைக் காட்டுங்கள் என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியதும் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தையலையே பிரித்துக் கொடுக்கிறவளுக்கா கண் தெரியாது, டீச்சர் வேறு யாருக்கோ எழுதியதை இங்கே அனுப்பிவிட்டார் என்று நோட்டை மூடிவிட்டாள். மறுபடியும் எழுதி வந்தது. மூன்றாவது தடவை, பாவாடை தைக்கிற சாக்கில் டீச்சரே நேரில் வந்துவிட்டார். சரி, ஒன்றும் இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்துவிடுகிறேன் என்று அக்கா கிளம்பினாள்.

பஸ்ஸில் பட்டன் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி போட்டவங்க நூல் கோர்க்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பக்கத்துக் கடையில் செருப்புத் தைக்கிறவர் கண்ணாடி போட்டிருப்பார். அவருடைய ஊசிக்கும் நூல் கோர்ப்பது இவள்தான். அதுதான் மனதில் ஓடியிருக்கிறது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய ஆட்கள். கண்ணைச் சோதிக்கும் அறையின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சுவரில் ஒரு வெள்ளைத் திரை. விளக்குப் போட்டால் அதில் எண்கள் தெரியும்; மேலே பெரியதாக, கீழே போகப் போகச் சின்னதாக. எங்களுக்கு முன்னால் போன நாலு பேரும் அதைச் சத்தமாகப் படித்தார்கள். பட்டன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தபடியே இருந்தாள். பாவம், பயத்தில் குழந்தை சாமி கும்பிடுகிறது என்று அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

எங்கள் முறை வந்தது. சோதிக்கிற அம்மா பட்டனைத் தூக்கி உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு சுவிட்சுப் பக்கம் திரும்பினார். அதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள். ஏழு, நாலு, ரெண்டு. ஒன்பது, மூணு, அஞ்சு, எட்டு. கடைசி வரி வரைக்கும் மூச்சுவிடாமல். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு வெற்றி.

சோதிக்கிற அம்மா சுவிட்சில் கை வைத்தபடியே நின்றார். "பாப்பா, நான் இன்னும் விளக்கே போடலையே."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. விளக்கைப் போட்டு வேறு எண்களைக் காட்டினால், இரண்டாவது வரியிலேயே பட்டன் நின்றுவிட்டாள். உதடு பிதுங்கியது. "கண்ணாடி போட்டா என்னைய நூல் கோர்க்க விடமாட்டீங்க. சித்திகிட்ட குடுத்துடுவீங்க."

கிட்டத்தில் இருப்பது இவளுக்கு நன்றாகவே தெரிகிறது, தூரத்தில்தான் எல்லாம் கலங்கல் என்று சோதிக்கிற அம்மா சொன்னார். எத்தனை நாளாக என்று அக்கா கேட்டாள். ஒரு வருஷமாவது இருக்கும் என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோளில் அரை இஞ்சைக் கண்டுபிடிக்கிறவள், தன் இடுப்பு உயரத்தில் நிற்கிற பிள்ளையிடம் இதைக் கண்டுபிடிக்கவில்லை. "ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்றாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேம்மா."

அக்கா அழுதுவிட்டாள். நானும்தான், மறைப்பானேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். "நம்ம கடையில நூல் கோர்க்கிறது நீதான். கண்ணாடி போட்டாலும் நீதான், கழட்டினாலும் நீதான். உன் சித்தி நூல்ல கை வச்சா கைய ஒடிச்சுடறேன்."

நான் பணிவாகத் தலையாட்டினேன். பட்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்படின்னா சிவப்புக் கலர்தான் வேணும் என்றாள்.

ஒரு வாரத்தில் சிவப்புக் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியவள் நகரவே மாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு கடை போர்டையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். மூன்றாவது மாடியில் துணி காயப்போடுகிற அம்மாள் வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டிருப்பதை எனக்குக் காட்டுகிறாள். ஐந்து நிமிஷ நடை அரை மணி நேரம் ஆனது. எங்கள் கடை வாசலுக்கு வந்ததும் எதிர்க்கடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"சித்தி, அந்தக் குண்டு மாமா எங்க?"

எந்த மாமா என்றேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே இருப்பாரே, ஸ்கூலுக்குப் போகும்போது தினமும் டாட்டா காட்டுவேனே என்றாள். எதிரே இருப்பது மெத்தைக் கடை. வாசலில், நீல உறை போட்டுச் சுருட்டி நிமிர்த்தி வைத்த மெத்தை ஒன்று. ஒரு வருஷமாக டாட்டா போனது அதற்குத்தான். ஒரு நாள்கூட அவர் திருப்பிக் காட்டியதில்லை, ரொம்பக் கர்வம் பிடித்த மாமா என்று வேறு நினைத்திருக்கிறாள். அக்கா மிஷின் மேலேயே கவிழ்ந்து சிரித்தாள். மெத்தைக்கடைக்காரர் என்ன விஷயம் என்று ரோட்டைத் தாண்டி வந்து, கேட்டுவிட்டு, அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், எதிர்ப்பக்கம் பார்த்து இரண்டு தடவை கையாட்டினாள். அதான் மெத்தைன்னு தெரிஞ்சுபோச்சே, அப்புறம் என்ன என்றாள் அக்கா.

"ஒண்ணு மெத்தைக்கு. இத்தன நாள் காட்டிட்டுத் திடீர்னு நிறுத்தினா பாவம்ல? இன்னொண்ணு கடைக்கார மாமாவுக்கு. அவரும் அங்கதான் இருந்திருக்காரும்மா."

கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மெத்தைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.