‘நம்ம ஊர்’ என்று சொல்லித் தொலைத்த கதை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தபோது எனக்கு ஒரு பல்கலைக்கழக வேலை கிடைத்தது. பல்கலைக்கழகம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக அவர்கள் ஊர் ஊராக நடத்திய மாலை வகுப்பில் அரசியல் பாடம் எடுக்க வேண்டும். தற்காலிகம், அதிலும் பகுதிநேரம். மலாக்காவில் வகுப்பு நடந்தது காஜா பெராங் வட்டாரத்தில், இரவல் வாங்கிய ஒரு பள்ளிக்கூட அறையில். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் ஆபீஸ் கிராணிமார்களும் போலீஸ்காரர்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்க, நான் ஆங்கிலத்தில் அரசியலமைப்பை அலசுவேன்.

பகலில் நான் வேறொரு பள்ளியில் கணக்கு வாத்தியார். சென்னையில் அரசியல் படித்துவிட்டு, வகுத்தலும் பெருக்கலுமாகவே காலம் போய்விடுமோ என்று குமைந்துகொண்டிருந்தவன். அந்த மாலைகளில்தான் எனக்கு உயிர் வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாராவது ‘லெக்சரர்’ என்று கூப்பிட்டால் அன்று முழுவதும் கால் தரையில் பாவாது.

அந்த ஆசையில் மண் விழப் பார்த்தது. அடுத்த பருவத்திலிருந்து குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவன். வாரம் இரண்டு மாலை குடியுரிமை என்றால் என்னவென்று தொண்டை கிழிய விளக்குகிற எனக்கே அது இல்லை. வேண்டாம் என்று இருக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். அவசர அவசரமாக மனுப் போட்டேன். நேர்காணலில் மலாயில் பேச வேண்டும் என்றார்கள். அதுவோ எனக்கு அரைகுறை.

என் மனைவி மலாக்காவிலேயே பிறந்தவள். அவளுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. “மீன்காரர்கிட்ட பேசற மாதிரி பேசுங்க லா. அங்கயும் லெக்சர் ஆரம்பிச்சுடாதீங்க” என்றாள். பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி இருந்தார், பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சம். நெற்றி நிறையத் திருநீறு, ஆனால் தமிழ் வராது. அவர்கள் வீட்டுப் பேச்சே ஒரு தனி மலாய். வேலியோரம் நின்று அவரோடு பேசிப் பழகினேன். “அவர் மலாய்ல நீங்க பேசினா ஆபீசரே முழிப்பாரு” என்று அதற்கும் மனைவி ஒரு கிண்டல் அடித்தாள்.

நேர்காணல் நடத்திய அதிகாரி என்னைவிட இளையவர், மலாய்க்காரர். எந்த வீடு, எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விகளைச் சுலபமாகத் தாண்டிவிட்டேன். பிறகு, இடையில் நாட்டை விட்டுப் போனதுண்டா என்று கேட்டார்.

“ஒருமுறை போனேன், துவான். பாலேக் நெகெரி கித்தா.”

நம்ம ஊருக்குப் போய்வந்தேன் என்று தமிழில் சொல்வதை அப்படியே மலாயில் போட்டுவிட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். மலாயிலும் நம் ‘எங்க’, ‘நம்ம’ போலவே இரண்டு சொல் உண்டு: கேட்பவரை விட்டுவிட்டால் காமி, சேர்த்துக்கொண்டால் கித்தா.

“கித்தாவா? நானும் இந்தியாக்காரனா?” என்றார். பிறகு சிரிக்காமல், “உங்கள் நாடு இன்னும் அதுதான் என்றால் இங்கே எதற்கு மனு?” என்று கேட்டார்.

எங்கள் வாயில் ‘நம்ம’ என்பது ஒரு மரியாதை, துவான், என்று ஆரம்பித்தேன். முன்பின் தெரியாதவரிடமும் ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்போம், அதற்காக வீட்டில் பாதியை எழுதிக் கொடுத்துவிட மாட்டோம் என்றேன். அவர் முகத்தில் அசைவில்லை.

“அங்கே இருந்தபோது மலாக்காவை என்னவென்று சொன்னீர்கள்?”

அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. அந்தப் பயணத்தில் ஒரு மதியம் தஞ்சாவூர்ப் பக்கம் என் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று பொரிந்து தள்ளினார். “எதுக்கெடுத்தாலும் நம்ம ஊர்ல மழை இப்படி, நம்ம ஊர்ல மீன் இப்படிங்கிறியே. இதுதாண்டா நம்ம ஊரு!” எனக்கே தெரியாமல் மலாக்காவைத்தான் நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தட்டுத்தடுமாறி அதை மலாயில் சொன்னேன். அது வேலைக்காகப் பேசிய பேச்சு இல்லை.

அதிகாரி எதையோ எழுதி, போகலாம் என்றார்.

குடியுரிமை கிடைத்தது. வேலைதான் கிடைக்கவில்லை. சேர ஆள் போதவில்லை என்று அடுத்த பருவத்தில் மாலை வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் வெறும் கணக்கு வாத்தியாரானேன். ஆனாலும் குடியுரிமை வாங்கியதை நினைத்து ஒருபோதும் வருந்தியதில்லை.

சில ஆண்டுகள் கழித்து, இந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு அண்ணனைப் பார்க்கப் போனேன். ஸ்டேஷனுக்கே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். வீட்டில் இலை போட்டு உட்கார வைத்தார்கள். அண்ணி குழம்பு ஊற்ற வந்தபோது அண்ணன் என்னிடம் பரிவோடு சொன்னார்:

“பார்த்துச் சாப்பிடுடா. எங்க ஊர்க் காரம் உனக்கு ஒத்துக்காது.”

கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.