தர மாட்டேன் என்றவள்

2006-ஆம் வருடம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது என் வேலை. கை கொஞ்சம் அசைந்தாலும் அம்மன் மாறுகண்ணாகிவிடுவாள்.

கணவர் திடீரென்று போய்ச் சேர்ந்த புதிதில் எனக்குத் தூக்கமே வரவில்லை. சில நாளைக்கு மட்டும் என்று சொல்லி டாக்டர் ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில நாள் வருடக்கணக்கானது. அப்போதெல்லாம் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு யார் கேட்டார்கள்? காலி அட்டையை நீட்டினால் புது அட்டை வரும். ஒன்று போதாமல் ஒன்றரையும் ஆனது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் ஒருநாள் கடைக்காரரின் மருமகள் நின்றாள். மருந்துக்கடைப் படிப்பு முடித்துப் புதிதாக வந்தவள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அட்டயப் பாத்துக் குடுக்கற மாத்திர இல்லக்கா. டாக்டரு சீட்டு வேணும். எவ்ளோ நாளா போடுறீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "வெசாரண பண்ண நீ என்னா போலீஸா?" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டு வந்தேன். இது இல்லாமல் நான் இருக்க மாட்டேனா என்று ஒரு வீம்பு. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

தூக்கம் போனதோடு நிற்கவில்லை. நெஞ்சு படபடத்தது, வேர்த்துக் கொட்டியது, விரல்கள் நடுங்கின. "என்னாக்கா, பொம்மைங்க எல்லாம் ஒண்ணப் பாத்து ஒண்ணு மொறைக்குது?" என்று பக்கத்தில் வேலை செய்கிறவள் கேலி செய்தாள். சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் ஒரே பயம். அந்தக் கையை நம்பித்தான் நானும் பள்ளிக்கூடம் போகும் என் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

வெட்கத்தை விட்டு, ஒரே ஒரு அட்டை தரச் சொல்லிக் கெஞ்ச அதே கடைக்குப் போனேன். அவள் என் கையைப் பார்த்தாள். பழசை ஒரு வார்த்தை பேசவில்லை. மாமனாரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

இதைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, சிலருக்கு வலிப்பே வந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சூளை ஆறுவதற்குள் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விடும் என்று, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். என் உடம்புக்கும் ஆற நாள் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வெளியே வந்ததும், "அட்டய நீயே வச்சிக்கம்மா. வூட்டுல இருந்துச்சின்னா எடுத்துப் போட்டுடுவேன்" என்றேன். சரி என்று தலையாட்டினாள். வேலை முடிந்து பஸ் ஏறும் முன் கடைக்குப் போவேன். டாக்டர் சொன்ன அளவுக்கு வெட்டிய துண்டைக் காகிதத்தில் மடித்துத் தருவாள். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துச் சனிக்கிழமையே இரண்டு பொட்டலம். ஒரு வாரம் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். திங்கட்கிழமை சொன்னபோது திட்டப்போகிறாள் என்று பயந்தேன்.

"ஞாயித்துக்கெழம நான் வூட்டுலதான் இருப்பேன். ஒரு எட்டு வந்துட்டுப் போங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். அதன் பிறகு சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். மாத்திரைத் துண்டோடு டீயும் கிடைக்கும்.

ஒன்றரை ஒன்றாகி, ஒன்று அரையாகி, அரை காலாகி, பல மாதம் கழித்து ஒரு மாலை அவள் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனது. ஆனாலும் கடைக்குப் போய்ச் சற்று நேரம் பேசிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இப்போதும் சில நாள் தூக்கம் வராது. வராவிட்டால் போகிறது என்று படுத்திருப்பேன். விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். கேட்டதும் எடுத்துக் கொடுத்தவர்கள் யார் முகமும் எனக்கு நினைவில்லை. தர மாட்டேன் என்று சொல்லி என்னிடம் ஏச்சு வாங்கியவளைத்தான் இன்றைக்கும் கூடப்பிறந்தவளாக நினைக்கிறேன்.