பந்தயத்துக்கு ஒரு சலாம்

அந்த டிசம்பர் விடுமுறையில் நானும் அக்காவும் கொஸ்லந்தையில் பஸ் ஏறிப் பதுளையிலிருந்த மாமா வீட்டுக்குப் போனது மாமாவைப் பார்க்க அல்ல, அவர் வாங்கியிருந்த கம்பியூட்டரைப் பார்க்க. மாமாவும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர்தான். ஜவுளிக்கடை வேலை கிடைத்துப் பதுளைக்குப் போனதும் அவருடைய மகன் டவுன்காரனாகிவிட்டான். அவனுக்கும் அக்காவுக்கும் ஒரே வயது, பதினைந்து. எனக்குப் பத்து.

கம்பியூட்டரில் ஒரு விளையாட்டு இருந்தது. கப்பலில் போய்ப் புது நாடு பிடிக்க வேண்டும். அப்படியொரு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. இருண்ட திரையில் கப்பல் நகர நகரக் கடல் வெளுத்து, கரை தெரிந்து, காடு தெரியும். நீ யார் என்று முதலிலேயே கேட்டு நான்கு கொடிகள் காட்டும். நான்கும் வெள்ளைக்கார நாடுகள். காட்டுக்குள் ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்குக் கொடி கிடையாது. குடிசை வாசலில் நின்று சோளம் கொடுப்பார்கள், அடித்தால் மறைந்துபோவார்கள். உடனே எக்காளம் ஊதும், புள்ளி ஏறும். அந்த எக்காளத்துக்காகவே அடிக்கலாம் என்று இருக்கும் எனக்கு.

அக்கா இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. அக்காவோ, மாமா மகன் வாசிக்காமலே தாண்டிப்போன ஆங்கில வரிகளையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“தோட்டக்காட்டு ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிவராது. பந்தயம் கட்டுறியா?”

“கட்டுறேன். என்னா பந்தயம்?”

“தோத்தா, லீவு முடியிற வரைக்கும் காலையில எந்திரிச்சதும், தோட்டத்துல ஆளுங்க தொரைக்குச் சொல்ற மாதிரி, எனக்கு ‘சலாம் தொரை’ சொல்லணும். ரெண்டு பேரும்.”

“நீ தோத்தா எனக்கு ‘சலாம் தொரைசாணி’. மறந்துறாத மச்சான்.”

ஒருவர் மாற்றி ஒருவர் ஆடும் ஆட்டம் அது. அவன் கண்ட குடிசையையெல்லாம் கொளுத்திக்கொண்டே போனான். அக்கா, சோளம் கொடுத்தவர்களுக்குத் துணி கொடுத்தாள், கரும்பு நட்டாள், துறைமுகம் கட்டினாள். ஒரு குடிசையைக்கூடத் தொடாமல் அவனை நெருங்கிவிட்டாள். கடைசி முறை அவளுடையது. அவன் பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்தான். அவளுடைய கரும்பை ஒட்டி ஒரு குடிசைக் கூட்டம். பக்கத்திலேயே அவளுடைய சிப்பாய்கள். ஒரே அடி, இருபது புள்ளி.

“அடிக்கா! அடி!” என்று குதித்தேன்.

“இருடா.” திரையின் மூலை முடுக்கெல்லாம் எதையோ தேடினாள். “இவங்கள இங்கருந்து எழுப்பினா எந்த லயத்துல கொண்டுபோய் வைக்கிறதுன்னு காட்டலியே?”

மாமா மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கேம்ல ஏது லயம்? அடிச்சா காலி. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சிப்பாய்களை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, முறையை முடித்துக்கொண்டாள். எக்காளம் அவனுக்கு ஊதியது. கையில் இருந்த வெற்றியை இப்படிக் கொட்டிவிட்டாளே என்று நான் அழுதேன்.

மறுநாள் காலை அக்கா முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு அவன் கட்டிலுக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள். “சலாம் தொரை.” கோபமுமில்லை, கேலியுமில்லை. அவன் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். மூன்றாம் நாளே “போதும், விட்டுரு” என்று கெஞ்சத் தொடங்கிவிட்டான். “பந்தயம்னா பந்தயந்தான், தொரை” என்று கடைசி நாள்வரை அவள் விடவில்லை. வாங்குகிறவனைக் கூச வைக்கிற சலாமை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை.

என்னுடைய சலாம் வேறு மாதிரி. முதல் நாள் அக்காவுக்குப் பின்னாலேயே போனேன். தலையிலிருந்த குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, தரையைப் பார்த்துச் சொன்னேன். கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த மாமா பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

“இத ஒனக்கு யாருடா சொல்லிக்குடுத்தா?”

“யாரும் இல்ல மாமா. எனக்கே வருது.”

அவர் என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, இன்னொரு முறை, இன்னும் நன்றாகக் குனிந்து காட்டினேன்.